ரூம் டோன், ஒரு நிமிடம்

மெர்சி இடது கையைத் தூக்கிவிட்டாள். அந்தக் கை கீழே இறங்கும்வரை, அதாவது ஒரு முழு நிமிடத்துக்கு, இந்த அறையில் யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, காலை மாற்றி வைக்கக்கூடாது. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றியாயிற்று. மூன்று பேருடைய செல்போனும் சமையல்கட்டில் அரிசி டப்பாவின் மேல் கிடக்கின்றன. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், நான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறேன், மெர்சி சுவரோரம் தரையில் சம்மணம் போட்டு, மடியில் ரெக்கார்டரும் காதில் ஹெட்போனுமாகக் கண்ணை மூடிக்கொண்டு, சும்மா இருக்கும் அறையைப் பதிவு செய்கிறாள். இதற்குப் பெயர் ரூம் டோன். "ஒண்ணும் பேசாததை எதுக்குடி எடுக்குறீங்க?" என்று அம்மா கேட்டாள். நீ பேசுனதை அங்கங்க வெட்டி ஒட்டுவோம்மா, ஒட்டுற இடத்துல ஒண்ணுமே இல்லாம விட்டா கரண்ட் போன மாதிரி காதுக்குத் தெரிஞ்சிரும், அந்த இடத்துல இந்த ரூமோட சத்தத்தைப் போட்டு நிரப்பணும் என்று சொன்னேன். ரூமுக்கு ஏது சத்தம் என்று கேட்கத்தான் வாயெடுத்தாள், பிறகு கேட்கவில்லை. வேலை தெரிந்த சின்ன வயசு டாக்டர்களைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் ஒரு மாதிரி ஆகுமே, அந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கு மூன்று வருடப் படிப்பையும் எழுதிக் கொடுத்துவிடலாம். எனக்குத் தலைக்கனம் என்று கூடப் படிக்கிற மெர்சி சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா வந்ததில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடிகாரம் இல்லாததால் மனசுக்குள் எண்ணிக்கொள்கிறேன். இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்தது. இரண்டாம் தடவை அம்மாவே நடுவில் "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டாள். இப்போது அசையாமல் இருக்கிறாள். என்ன ஒரு இருப்பு. முழங்காலில் இரண்டு கையும், பார்வை தரையில், மூச்சு போவது வருவதுகூடத் தெரியவில்லை. வகுப்பில் முப்பத்தெட்டு பேர் பிராஜெக்ட் எடுக்கிறோம், யாருக்கும் இப்படி ஓர் ஆள் கிடைத்திருக்க மாட்டார். தலைப்பு, குரலால் வேலை செய்கிறவர்கள். மற்றவர்கள் மேடைப் பாடகர், ஏலக்கடைக்காரர், பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் கூவுகிறவர் என்று போனார்கள். நான் வீட்டைத் தாண்டிப் போகவில்லை. சகுந்தலா, வயது ஐம்பது, மருத்துவமனைப் பணியாளர், இருபத்து நான்கு வருடமாக அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் வாசலில் பேர் கூப்பிடும் வேலை. மைக்கே தேவையில்லை, நாலாவது வரிசைக்குப் பின்னால் தூங்குகிறவரும் எழுந்துகொள்வார். சின்ன வயதில் லீவு நாளில் அந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன். அம்மா கூப்பிட்டால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுந்து வருவார்கள், ஆஸ்பத்திரியே அம்மாவுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றோ பன்னிரண்டோ ஆகியிருக்கும், எண்ணிக்கை தவறிவிட்டது.

கழுத்தில் வேர்வை இறங்குகிறது, துடைக்கக்கூடாது. மாசியிலேயே இந்த வெக்கை. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடுகிறார்கள், அது போகட்டும், அது இந்த அறையின் சத்தம்தான். பேசாமல் நிற்பது எனக்குப் புதிதில்லை. முதல் வருடம் முதல் செமினாரில் இப்படித்தான் நின்றேன், இரண்டு நிமிடம், முப்பத்தெட்டு பேருக்கு முன்னால், ஒரு வார்த்தை வராமல். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, தகவல் தொடர்பு என்றால் என்ன என்று இங்கிலீஷில் சொல்லப் போனால் வேறென்ன ஆகும். அனுப்புகிறவர், செய்தி, ஊடகம், பெறுகிறவர், நடுவில் குறுக்கே கோணல்மாணலாக ஒரு கோடு, அது இரைச்சல், இவ்வளவுதான் பாடம். தமிழில் கேட்டிருந்தால் அம்மாவை வைத்தே அரைமணி நேரம் பேசியிருப்பேன். பின்வரிசையில் ஒருத்தன் இது மைம் போலிருக்கு, ஊமை நாடகம் என்று கைதட்டினான். வகுப்பெடுத்த லூர்து சார்தான் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "பவளக்கொடி, ரெண்டு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்து நின்னீங்க, ஓடலை, அது பாதி வேலை" என்றார். ஹாஸ்டலில் போய் அழுதேன் என்பது வேறு கதை. வீட்டுக்கு வந்தால் குமரேசன் மாமா. அம்மாவின் தம்பி, எல்லாருக்கும் வழி சொல்கிறவர். "நர்சிங் கெடச்சும் வேணாம்னுட்டு படம் புடிக்கப் போயிருக்கா. கல்யாண வீட்டுல லைட்டு தூக்குறதுக்கு டிகிரியாக்கா?" என்று எனக்கு முன்னாலேயே கேட்டார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நாலு பேரு பேசுறதைக் காது குடுத்துக் கேக்குற படிப்புன்னு சொல்றா. படிக்கட்டும்டா. எங்க ஆஸ்பத்திரில டாக்டருக்கே அது பத்தல" என்றாள். மாமா காபி கேட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இந்த வீட்டில் இல்லை. தெருவில் யார் கேட்டாலும் விஸ்காம், காட்சித் தொடர்பியல் படிக்கிறேன் என்று இன்றைக்குத் தொண்டையைச் செருமாமல் சொல்வேன்.

காது குடுத்துக் கேட்பது என்று அம்மா சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். இரண்டாம் வருடத்தில் லூர்து சார் அதையே பாடமாகச் சொன்னார். கேள்வி கேட்டாச்சுன்னா வாயை மூடு. அவங்க பதில் சொல்லி முடிச்ச பிறகும் வாயை மூடு. மனசுக்குள்ள நாலு எண்ணு. அடுத்த கேள்வி உன் நுனிநாக்கில் நின்று துடிக்கும், விடாதே. முதலில் சொல்வது தயார் பண்ணி வைத்திருந்த பதில், நாலுக்கு அப்புறம் வருவதுதான் பேச்சு. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். இன்றைக்கு மத்தியானம், இதோ இந்த அறையில், நான் அதைச் செய்து காட்டினேன். அதை நினைத்தால் இந்த வெக்கையிலும் உடம்பு ஒரு தரம் சிலிர்க்கிறது. அரைமணி நேரம் அம்மா தயார் பதில்களாகவே சொன்னாள். எத்தனை மணிக்குப் போவேன், எத்தனை பேர் வருவார்கள், தொண்டை கட்டினால் என்ன செய்வேன், பனங்கற்கண்டு. கேமரா பேட்டரி தீர்ந்தது. பையைத் துழாவிக்கொண்டே சும்மா கேட்டேன், ஏம்மா, நெஞ்சு நோய்ப் பிரிவு நடக்குற செவ்வாய்க்கிழமை மட்டும் நீ யார் பேரையும் கத்திக் கூப்பிடுறதில்லையே, பக்கத்துல போய்த் தோளைத் தொட்டுக் கூட்டிட்டு வருவியே, அது எதுக்கு? கேமரா இல்லை என்று தெரிந்ததாலோ என்னவோ, அம்மா நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தாள். "அது அப்படித்தான்" என்றாள். என் கை பைக்குள் மாற்று பேட்டரியைப் பிடித்தபடி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கண்ணால் மெர்சிக்குச் சைகை காட்டினேன், நிறுத்தாதே, சத்தம் ஓடட்டும். ஐந்து, ஆறு. அம்மா முந்தானை நுனியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

இருபத்தாறு வயதில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பேரையும் தகப்பன் பேரையும் பிரிவையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும், மூன்று தடவை கூப்பிட்டு வராவிட்டால் சீட்டில் குறித்துவிட வேண்டும், அதுதான் முறை. ஒரு பெண் வந்தாள், அவள் பேரை எங்களிடம் சொன்னாள் அம்மா, தகப்பன் பேரும் சொன்னாள், இன்ன ஊர் என்றும் சொன்னாள். டி.பி. என்று தெரிந்து மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம். அன்றைக்கு அம்மா வாசலில் நின்று, நல்ல குரல் என்று நாலு பேர் பாராட்டிய புதிதில், அவள் பேரையும் தகப்பன் பேரையும் ஊரையும் சொல்லி டி.பி. மருந்து என்று கூப்பிட்டாள். மூட்டுவலிக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்ட கல்யாணம், மாப்பிள்ளையின் அத்தை இந்தப் பெரியம்மா. அந்தப் பெண் எழுந்து வரவேயில்லையாம், மூன்று தடவையும் கூப்பிட்டபின் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாளாம். கல்யாணம் நின்ற சேதி பிறகு வந்தது. மருந்துக்கு அவள் திரும்ப வரவில்லை. நாலு செவ்வாய்க்கிழமை அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாளாம் அம்மா. இருக்கிறாளா இல்லையா என்று இன்றுவரைக்கும் தெரியாது. அதற்கப்புறம் அந்தக் கிழமையில் குரல் எடுப்பதில்லை, முகங்களை மனப்பாடம் செய்துவிடுகிறாள், பக்கத்தில் போய், வாங்க என்று மட்டும் சொல்கிறாள். முறைப்படி கூப்பிடவில்லை என்று இரண்டு தரம் விளக்கம் கேட்டு எழுத்தில் வந்ததாம், வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. ஆட்களை உறவுக்காரர்கள் மாதிரித் தோளைத் தொடுகிறாளே, இத்தனை பேரையும் அம்மாவுக்குத் தெரியுமா என்று சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். இவள் என் அம்மா. இதைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது இதுவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோன்றியது வேறு. பேரோட சொல்றா, ஊரோட சொல்றா, என்னா ஒரு பைட் என்றுதான் தோன்றியது. பைட் என்றால் படத்தில் வைக்கிற பேச்சுத் துண்டு. அம்மா வாழ்நாளில் ஒரு தடவை வாய் திறந்தாள், நான் மனசுக்குள் அதை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிட்டோரியம் இருட்டாக இருக்கும், திரையும் கறுப்பாக, குரல் மட்டும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைப்பார்.

முப்பதாவது தாண்டியிருக்கும். முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம். மெர்சியின் மடியில் ரெக்கார்டர் இருக்கிறது, அதன் மேல்பக்கம் சிவப்பு விளக்கு, அது மினுக்குகிறது. அழகாகத்தான் மினுக்குகிறது, எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து. ஏன் மினுக்குகிறது. எங்கள் டிபார்ட்மெண்டில் இரண்டு ரெக்கார்டர் உண்டு. நாங்கள் எப்போதும் எடுப்பது சின்னது, ஒரு தடவை அமுக்கினால் ஓட ஆரம்பிக்கும். அது வேறு குழுவிடம் போய்விட்டதால் இன்றைக்குக் கொடுத்தது பெரியது. ஸ்டோர் ரூம் செல்வராஜ் அண்ணன் பெட்டியை என் கையில் கொடுக்கும்போது, "இது ரெண்டு தடவை அமுக்கணும்மா. மொத தடவைக்கு மினுக்கும், அது ரெடிதான். ரெண்டாவது அமுக்குனா நின்னு எரியும், அப்பத்தான் ஏறும்" என்றார். நான் என்ன சொன்னேன். தெரியும்ணே என்றேன். தெரியாது, அவர் சொல்லித்தான் தெரிந்தது, ஆனாலும் தெரியும்ணே என்றேன், ஏனென்றால் நான் மூன்றாம் வருடம், ஏனென்றால் நான் பவளக்கொடி. மெர்சியிடம் சொன்னேனா. பஸ்ஸில் சொன்னேனா. பஸ்ஸில் டைட்டில் எழுத்து எந்த நிறத்தில் வரவேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தேன். சொல்லவில்லை.

இருக்காது. இப்போதுதான் மறந்திருப்பாள், ரூம் டோன்தானே என்று ஒரு தடவை அமுக்கியிருப்பாள், அம்மா பேசியபோது இரண்டு தடவை அமுக்கியிருப்பாள். யார் சொல்லி அமுக்கியிருப்பாள். யாரும் சொல்லவில்லை. ஆனால் ஹெட்போனில் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள், அம்மா பேசும்போது அவள் கண்ணில் நீர் கட்டியதைப் பார்த்தேனே, கேட்காமலா. மினுக்கும்போதும் ஹெட்போனில் கேட்கும். அதுதான் இதில் உள்ள மோசம், காதுக்குக் கேட்கும், உள்ளே ஏறாது. கேமரா ஓடியவரைக்கும் அதன் மைக்கில் பனங்கற்கண்டு ஏறியிருக்கும். பேட்டரி தீர்ந்ததற்குப் பிறகு உள்ளது இந்தப் பெட்டியில் மட்டும்தான், இந்தப் பெட்டியிலும் இல்லையென்றால் எங்கேயும் இல்லை. மினுக்குகிறது என்றால் இந்த நிமிடமும் வீண், இப்போதே வாயைத் திறக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. வாய் திறக்க மாட்டேன் என்கிறது. திறந்தால் பார்க்க வேண்டும், பார்த்தால் தெரிந்துவிடும். நாற்பது, நாற்பத்தொன்று. ஆடிட்டோரியத்தில் எக்ஸாமினர் பேனாவை எடுத்துவிட்டார், எழுதிக்கொண்டிருக்கிறார். அதை விடு. அம்மாவிடம் எப்படிச் சொல்வது. இருபத்து நான்கு வருடம் சொல்லாததை ஒருத்தி சொல்லி முடித்தபிறகு, இன்னொரு தடவை சொல்லும்மா என்று எந்த வாயால் கேட்பது. சத்தம் கொஞ்சம் சரியா வரலம்மா என்று சொல்லலாம், தெருவில் வண்டி போனது என்று சொல்லலாம், மெர்சி புரிந்துகொள்வாள், தோழிதானே. அல்லது கேட்காமலே விட்டுவிட்டு, நானே பின்னணியில் பேசி வைத்துவிடலாம், ஆஸ்பத்திரி வாசலில் நாலு படம், என் குரல். இல்லை, அம்மாவின் குரல் இல்லாமல் அது என்ன படம். தெரியும்ணே. அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் திரும்ப விழுங்க முடிந்தால் போதும். நல்ல குரல் என்று நாலு பேர் சொன்ன புதிதில் என்று அம்மா சொன்னாளே, அவளுக்கு நான் பெண்தான், சந்தேகமே வேண்டாம். ஐம்பது ஆயிற்றா தெரியவில்லை. அம்மா இன்னமும் தரையைப் பார்த்தபடிதான் இருக்கிறாள், உதடு மட்டும் லேசாக அசைகிறது, அவளும் எண்ணுகிறாள் போலிருக்கிறது. இவ்வளவு நல்ல பெண்மணியை வைத்துக்கொண்டு இப்படிச் செய்துவிட்டேனே.

மெர்சி கையை இறக்கினாள். "சூப்பர். ஒரு நாய்கூடக் குரைக்கலை" என்றாள், கண்ணைத் திறந்துகொண்டே. போய் அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஓடிய நேரம் காட்டும் இடத்தில் எல்லாம் பூஜ்யமாக இருந்தது. இன்றைய தேதிக்கு உள்ளே ஒரு பதிவும் இல்லை. மெர்சி என் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு தடவைதானே பவளம் அமுக்கணும்? எப்பவும் ஒரு தடவைதானே?" என்றாள். அவள் குரல் உடைந்துகொண்டு வந்தது.

"என்னடி ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

சத்தம் கொஞ்சம் சரியில்லை என்ற சொல் தயாராக வாய்க்குள் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். "பதிவாகலம்மா. இது ரெண்டு தடவை அமுக்கணும். காலையில ஸ்டோர்ல சொன்னாங்க, நான்தான் மெர்சிகிட்ட சொல்லல. அவ மேல தப்பு இல்ல. நான் பெரிய இவ மாதிரி தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நான் கடைசியாச் சொன்னதா?"

"அதுவும்தான். கேமரா நின்னதுக்கப்புறம் நீ பேசுன எதுவுமே இல்ல."

அம்மா முந்தானையை விட்டாள், அது மடிப்பு மடிப்பாக மடியில் விரிந்தது. "அந்தப் பொண்ணு பேரு? ஊரு?"

"எதுவுமே இல்லம்மா."

அம்மா நீளமாக மூச்சு விட்டாள். "ரொம்ப நல்லது" என்றாள். "பேசாம இருங்கன்னு சொல்லி உக்கார வச்சீங்களே. அந்த நேரம் பூரா எனக்கு அதே நெனப்புதான். சொல்லி முடிச்சப்புறம்தான் உறைக்குது, பேரு, தகப்பன் பேரு, ஊரு, அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே அப்படியே கூப்பிட்டுட்டேன். இதை உங்க காலேஜ்ல எத்தனை பேரு பாப்பாங்க?"

"முந்நூறு பேரு இருக்கும்மா" என்றேன். பேரோடு சொல்கிறாள் என்று நான் குதித்த குதிப்பு எனக்குத்தானே தெரியும்.

"எப்படி உங்கிட்ட சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஆசையா எடுக்குற, அழிச்சிருன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு." அம்மா எழுந்து மெர்சியிடம் போய், அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். "நீ எதுக்குப் புள்ள அழுவுற. ஒரு தண்ணியக் குடி." பிறகு திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டாள். "அந்த பேட்டரியை மாத்திட்டியா?"

"மாத்தியாச்சு."

"அப்பக் கேமராவையும் ஓட விடு. குரல் மட்டும் வேணாம், மூஞ்சியும் இருக்கட்டும். செஞ்சது நான்தானே."

மெர்சி அமுக்கினாள், இன்னொரு தடவை அமுக்கினாள், என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் கேமராவுக்குப் பின்னால் போய், அம்மாவின் முகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தேன். இப்படி ஒரு முகத்துக்குப் பின்னால் என் பெயரையும் போட்டுக்கொள்ளப் போகிறேனே என்று நெஞ்சு விம்மியது. கேள்வியை நான் கேட்கவேயில்லை. அம்மாவே ஆரம்பித்தாள். தன் பெயரை, தன் தகப்பன் பெயரை, செய்கிற வேலையை, எத்தனாம் நம்பர் வாசல் என்பதை, நாலாவது வரிசைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. ஒரு பொண்ணு வந்திருந்துச்சு" என்றாள்.